வலைப்பக்கம் எழுதக் கற்றல்: எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும்

வலைப்பக்கம் எழுதக் கற்பவர் பழக வேண்டியவை இரண்டு மொழிகள். பக்கத்தில் இருப்பது தலைப்பா, பத்தியா, பட்டியலா, படமா, இணைப்பா என்று ‘டேக்’ எனும் குறிகளால் குறிப்பது எச்டிஎம்எல். அது எந்த எழுத்துருவில், எந்த நிறத்தில், எவ்வளவு இடைவெளி விட்டுத் தோன்ற வேண்டும் என்று சொல்வது சிஎஸ்எஸ். இரண்டையும் எழுத விலைகொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். நோட்பேட் போன்ற ஓர் எளிய எடிட்டரும் ஓர் உலாவியும் போதும். எழுதிய கோப்பைச் சேமித்து உலாவியில் திறந்தால் பக்கம் கண்முன் வந்துவிடுகிறது. கணினித் துறைக்குள் நுழைய இதைவிட எளிய வழி வேறில்லை என்று துணிந்து சொல்லலாம்.

எச்டிஎம்எல் பிறந்தது ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில். அங்கு பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, ஆய்வாளர்களின் ஆவணங்களை ஒன்றோடொன்று இணைக்கும் திட்டத்தை 1989இல் முன்வைத்தார். 1990 முடிவதற்குள் முதல் உலாவியையும் முதல் வழங்கியையும் இயக்கிக் காட்டினார். 1991இல் அவர் எழுதிய தொடக்கக் குறிப்பில் இருந்தவை 18 டேகுகள் மட்டுமே. தலைப்பு, பத்தி, பட்டியல், இணைப்பு ஆகியவற்றுக்கு அன்று வைத்த டேகுகளைத்தான் இன்றைய மாணவரும் முதல் நாளில் தட்டச்சு செய்கிறார். அந்த டேகுகளால் எழுதிய செர்னின் பழைய வலைப்பக்கத்தை இன்றைய கைபேசியில் திறந்தாலும் பிழையின்றிப் படிக்க முடிகிறது. தோற்றத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் எது தலைப்பு, எது இணைப்பு என்று மட்டும் சொன்னதே அதற்குக் காரணம்.

ஆனால் வலை பரவியதும் எல்லோரும் கேட்டது அழகைத்தான். நிறத்தையும் எழுத்தளவையும் மாற்ற உலாவி நிறுவனங்கள் ஆளுக்கொரு டேகைச் சேர்த்தன. நார்வேக்காரரான ஹோகோன் வியும் லீ 1994 அக்டோபர் 10 அன்று மாற்று வழியைச் சொன்னார்: தோற்ற விதிகளைத் தனித் தாளில் எழுதிவிடலாம். பெர்ட் போஸ் அவருடன் சேர்ந்துகொள்ள, சிஎஸ்எஸ்ஸின் முதல் பதிப்பு 1996 டிசம்பரில் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வெளியானது.

உலாவிகள் அதைச் சரியாகக் கையாளப் பல ஆண்டுகள் பிடித்தன. அதுவரை வடிவமைப்பாளர்கள், புள்ளிவிவரம் காட்டுவதற்கென்று இருந்த அட்டவணை டேகைக் கொண்டு பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார்கள். 1996இல் வந்த ‘ஸ்பேஸ் ஜாம்’ திரைப்படத்தின் தளம் அந்தக் காலத்தின் சான்றாக இன்றும் இணையத்தில் இருக்கிறது. மாணவர்கள் அதன் மூல நிரலைத் திறந்து பார்ப்பது நல்லது. அழகைத் தனியே எழுதத் தெரியாத காலத்தின் உழைப்பு அதில் தெரியும்.

கனடா வடிவமைப்பாளர் டேவ் ஷே 2003இல் ‘சிஎஸ்எஸ் ஜென் கார்டன்’ என்ற தளத்தைத் தொடங்கினார். அதில் எச்டிஎம்எல் கோப்பு ஒன்றே ஒன்று. அதில் ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது. வடிவமைப்பாளர்கள் தங்கள் சிஎஸ்எஸ் தாளை மட்டும் அனுப்பலாம். ஒரே உரை, ஒரு தாளில் பழைய சுவரொட்டியாகவும் இன்னொரு தாளில் கடலடிக் காட்சியாகவும் மாறியது. உள்ளடக்கமும் தோற்றமும் வேறு வேறு என்பதை எந்த வகுப்பும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிக் கொடுத்ததில்லை. கற்பவருக்கு அது இப்போதும் சிறந்த பயிற்சி.

எச்டிஎம்எல் விரைவில் கைவருகிறது. பிழையை உலாவி பொறுத்துக்கொள்வதும் அதற்கு உதவுகிறது. மூடவேண்டிய டேகை மூடாமல் விட்டாலும் பக்கம் தெரியும். சிஎஸ்எஸ் வேறு வகையில் சோதிக்கிறது. புரியாத விதியை உலாவி சத்தமில்லாமல் தள்ளிவிடும். நிறத்தைச் சொல்லும் வரியின் முடிவில் அரைப்புள்ளி விடுபட்டால் அந்த வரியோடு அடுத்த வரியும் சேர்ந்து செல்லாமல் போகும். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. அதனால் மேசைக்கணினி உலாவிகள் பலவற்றில் எஃப்12 பொத்தானை அழுத்தினால் திறக்கும் டெவலப்பர் கருவிகளை முதல் வாரத்திலேயே பழகிவிட வேண்டும். எந்த விதி செல்லுபடியானது, எது அடிபட்டது என்பதை அவை கோடிட்டுக் காட்டும்.

பெரும்பாலோர் தடுமாறும் இடம் பெட்டிக் கணக்கு. சிஎஸ்எஸ்ஸுக்குப் பக்கத்திலுள்ள ஒவ்வொன்றும் ஒரு பெட்டி: நடுவில் உள்ளடக்கம், அதைச் சுற்றிப் பேடிங் என்ற உள் இடைவெளி, பிறகு பார்டர் என்ற கரை, வெளியே மார்ஜின் என்ற வெளி இடைவெளி. அகலம் 300 பிக்சல் என்று எழுதினால் அது உள்ளடக்கத்தின் அகலம் மட்டுமே. இருபக்கமும் 20 பிக்சல் பேடிங்கும் 5 பிக்சல் பார்டரும் சேர்ந்தால் பெட்டி 350 பிக்சலை அடைத்துக்கொள்ளும். 900 பிக்சல் இடத்தில் இப்படி மூன்று பெட்டிகளை வரிசையாக நிறுத்த நினைத்தவருக்கு மூன்றாவது பெட்டி கீழே இறங்கி நிற்பது ஏன் என்று விளங்காது. ‘பாக்ஸ்-சைசிங்’ என்ற பண்பை ‘பார்டர்-பாக்ஸ்’ என்று மாற்றினால் 300 என்பது பார்டர் வரையிலான முழு அளவாகிவிடும். அந்த ஒரு வரியைத் தாளின் தலையில் எழுதிவிட்டே பலரும் வேலையைத் தொடங்குகிறார்கள்.

அடுத்தது முன்னுரிமை. ஒரே பத்திக்கு இரண்டு விதிகள் முரண்பட்டால், டேகின் பெயரால் எழுதியதைவிட, பல உறுப்புகளுக்குப் பொதுவாக இடும் ‘கிளாஸ்’ பெயரால் எழுதியதற்கும், அதைவிட ஓர் உறுப்புக்கு மட்டும் இடும் ‘ஐடி’யால் எழுதியதற்கும் வலிமை அதிகம். வலிமை சமமானால் பின்னால் எழுதியது வெல்லும். இது மனத்தில் பதியும்வரை சிஎஸ்எஸ் சொன்னபடி கேட்காத மொழியாகவே தோன்றும்.

பக்க அமைப்பின் கதையும் மாறிவிட்டது. படத்தைச் சுற்றி உரை ஓடுவதற்காக வந்த ‘ஃப்ளோட்’ பண்பை வளைத்துப் பக்கத்தைப் பிரித்த காலம் போய், வரிசையாக அடுக்க ‘ஃப்ளெக்ஸ்பாக்ஸ்’, கட்டம் போட ‘கிரிட்’ என்று அதற்கென்றே கருவிகள் வந்தன. முன்னணி உலாவிகள் பலவற்றில் கிரிட் 2017 மார்ச்சில் இடம்பெற்றது. திரையின் அகலத்துக்கேற்பப் பக்கம் தன்னை மாற்றிக்கொள்ளும் முறைக்கு 2010இல் எழுதிய கட்டுரையால் பெயரும் வடிவமும் கொடுத்தவர் ஈதன் மார்க்காட். கைபேசிக்கு எழுதும்போது, பக்கத்தின் அகலம் திரையின் அகலமே என்று அறிவிக்கும் ‘வியூபோர்ட்’ வரியை மறக்கக் கூடாது. அது இல்லாவிட்டால் கைபேசி உலாவி, பக்கம் சுமார் 980 பிக்சல் அகலமுடையது என்று எண்ணி எல்லாவற்றையும் சுருக்கிக் காட்டும்.

தமிழில் பக்கம் எழுதுபவருக்குச் சில தனிக் கவனங்கள் உண்டு. யுனிகோடு நிலைபெறுவதற்கு முன் தமிழ்த் தளங்கள் டிஸ்கி, டாம், டாப் என்று பல குறியாக்கங்களில் இயங்கின. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலே தெரிந்தது. இப்போது ‘யுடிஎஃப்-8’ என்ற அறிவிப்பு ஒன்றே போதும். பக்கத்தின் மொழி ‘டிஏ’ (தமிழ்) என்று குறிப்பது அதே அளவு முக்கியம். பார்வையற்ற வாசகருக்குப் பக்கத்தைப் படித்துக் காட்டும் என்விடிஏ போன்ற மென்பொருள் எந்த மொழியின் ஒலிப்பைப் பயன்படுத்த வேண்டும் என்று அதைக் கொண்டே அறிய முடிகிறது. சிஎஸ்எஸ்ஸைத் தமிழிலேயே கற்க விரும்புபவருக்குக் கணியம் தளம் து. நித்யாவின் ‘எளிய தமிழில் சிஎஸ்எஸ்’ நூலை இலவச மின்னூலாகத் தருகிறது.

அழுத்திச் சொல்ல வேண்டிய சொல்லுக்கு ‘இஎம்’ டேக் இடுவது வழக்கம். உலாவி அதைச் சாய்வெழுத்தாகக் காட்டும். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் சாய்வெழுத்து வடிவமே கிடையாது. உலாவி நிமிர்ந்த எழுத்தைத் தானாகச் சாய்த்துவிடுகிறது, படிக்கக் கண் கூசுகிறது. அதற்காக டேகை நீக்க வேண்டியதில்லை. தமிழ் எனக் குறித்த பகுதியில் ‘இஎம்’ தடித்த எழுத்தாக வரட்டும், சாய வேண்டாம் என்று சிஎஸ்எஸ்ஸில் ஒரு விதி எழுதினால் தளம் முழுவதும் சரியாகிவிடும். பட்டியலின் எண்களை ௧, ௨, ௩ என்று காட்டவும் சிஎஸ்எஸ்ஸில் வழியிருக்கிறது. பட்டியல் வகைக்கு ‘தமிழ்’ என்ற பெயரையே அதன் தரநிலை வைத்திருக்கிறது.