புன்னைக்காயலின் கடைசிப் புள்ளி

சில வருஷங்களுக்கு முன் தூத்துக்குடியில் ஒரு சின்ன வேலை செய்து கொடுத்தேன். கடற்கரை ஊர்களின் பெயர்களைக் கோப்பிலிருந்து வரிவரியாகப் படித்து அச்சிட வேண்டும். சி மொழியில் நிரல். தாளை வாங்கிப் பார்த்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "தம்பி, எங்க ஊருப் புள்ளிய எங்க தொலைச்சிய?"

'புன்னைக்காயல' என்று இருந்தது. அடுத்த வரியில் அந்தப் புள்ளி தனியாக, ஒரு பொட்டு வட்டத்தின் தலையில் உட்கார்ந்திருந்தது.

தமிழ் அச்சின் முன்னோடியான அண்டிரிக் அடிகளார் 1600-ல் இறந்த ஊர் புன்னைக்காயல். 1554-ல் லிஸ்பனில் அச்சான 'கார்த்தில்யா'வில் தமிழ் ரோமன் எழுத்தில்தான் இருந்தது. அங்கே தமிழ் அச்செழுத்து கிடையாது; இருந்த எழுத்துக்குள் தமிழை அடைத்தார்கள். பிறகு கோவாவிலும் கொல்லத்திலும் தமிழுக்கென்றே எழுத்து வார்த்தார்கள். 1578 அக்டோபர் 20-ல் கொல்லத்தில் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களில் வெளிவந்தது. முத்துக்குளித்துறை மக்கள் அச்சுக்குப் பணம் கொடுத்திருந்தார்கள்.

கணினியிலும் இதே கதைதான். ஒரு பைட்டுக்கு 256 இடம். ஆங்கிலம் போக மிஞ்சிய இடத்தில் டிஸ்கி, டேப் என்று தமிழை அடைத்தோம். சி மொழியின் தர வரையறைக்கு 1995-ல் வந்த திருத்தம் அகல எழுத்துகளைப் படிக்கும் செயற்கூறுகளைச் சேர்த்தது. அதில் ஒன்று எஃப்-கெட்-டபிள்யூ-எஸ். தொடக்கத்திலேயே செட்-லொகேல் அழைத்து மொழிச்சூழலைச் சொல்லிவிட்டால், யூடிஎஃப்-8 கோப்பின் பைட்டுகளை அது அகல எழுத்துகளாக மாற்றி, ஒரு வரியைக் கொண்டுவந்து தரும்.

ஆனால் அது எண்ணும் 'எழுத்து' நம் எழுத்து அல்ல. புன்னைக்காயல் நமக்கு 7 எழுத்து. யூனிகோடில் 13 குறியீடு. யூடிஎஃப்-8 கோப்பில் 39 பைட். நான் 13 என்று எண்ணி, 13 இடம் ஒதுக்கினேன். எஃப்-கெட்-டபிள்யூ-எஸ் முடிவுக்குறிக்கு ஓர் இடம் வைத்துக்கொண்டு 12-ஐத்தான் படிக்கும். பதின்மூன்றாவது, ல்-இன் புள்ளி. அது தொலையவில்லை, அடுத்த அழைப்புக்காக ஓடையிலேயே காத்துக்கிடந்தது. அடுத்த வரியின் தலையில் வந்து உட்கார்ந்தது அதுதான்.

திருத்துவது சுலபம். படித்த துண்டு வரிமுடிவுக் குறியோடு முடிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் மிச்சத்தையும் படித்து ஒட்ட வேண்டும். ரெண்டு நிமிஷ வேலை.

வேடிக்கை என்னவென்றால், 'தம்பிரான் வணக்க'த்திலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. மெய்க்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் சொன்னாலும், ஓலை பொத்துப்போகும் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதை வைப்பதில்லை என்பார்கள். முதல் அச்சும் அந்த வழக்கத்தையே பின்பற்றியது. ஆனால் அன்றைக்குப் படித்தவருக்கு எங்கே புள்ளி வரும் என்று தெரியும், கண்ணாலேயே வைத்துக்கொண்டார்.

என் நிரலுக்கு அந்தக் கண் இல்லை. பெரியவருக்கு இருந்தது. அவர் பேனாவை எடுத்து, ல மேல் புள்ளி வைத்த பிறகுதான் தாளை மடித்தார்.