கூடையில் அள்ளிய கடல்

1497ஆம் ஆண்டின் இறுதியில், லண்டனில் இருந்த மிலான் தூதர் தம் கோமகனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜான் கேபட்டுடன் மேற்கே சென்று திரும்பிய மாலுமிகள், அங்கே வலைகூட வேண்டியதில்லை, கல்லைக் கட்டிக் கூடையை இறக்கினாலே மீனை அள்ளிவிடலாம் என்று சொல்வதாக அதில் குறித்திருந்தார். அந்தக் கடல் இன்றைய கனடாவின் கிழக்குக் கோடியில், நியூஃபவுண்ட்லாந்துத் தீவைச் சூழ்ந்தது. அந்த மீன், கடல்தரையை ஒட்டி வாழும் காட். அதை உப்பிட்டு உலர்த்தி ஐரோப்பா பல நூற்றாண்டுகள் உண்டது. அப்போதும் அக்கடல் வற்றவில்லை.

1950களில் பிடித்த மீனைக் கப்பலிலேயே உறையவைக்கும் பெரும் இழுவைக் கப்பல்கள் ஐரோப்பாவிலிருந்து வந்தன. 1968இல் இந்த வடபகுதிக் காட் மீன்பிடிப்பு 8 லட்சம் டன்னைத் தாண்டியது; பிறகு சரிந்தது. 1977இல் கனடா தன் கரையிலிருந்து 200 கடல்மைல் வரை மீன்பிடி உரிமையை நிலைநாட்டியது. அந்நியக் கப்பல்கள் பெரும்பாலும் விலகின. இனி அறிவியல் கணக்கின்படி ஆண்டுதோறும் வரம்பு விதித்து, பிடிக்கத்தக்க மீனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்தால் இருப்பு பெருகும் என்று நம்பினர். கொள்கையில் பிழையில்லை. ஆனால் எதில் ஐந்தில் ஒரு பங்கு?

கடலுக்கடியில் உள்ளதை எவரும் எண்ணிவிட முடியாது. ஆய்வுக் கப்பல்களின் மாதிரிகளையும், வணிக இழுவைக் கப்பல்கள் ஒரு மணி நேரத்தில் பிடித்த அளவையும் கொண்டே இருப்பைக் கணித்தனர். இரண்டாவதில்தான் கண்ணி இருந்தது. மீன் குறையும்போது எஞ்சியவை ஓரிடத்தில் திரள்கின்றன. நவீனக் கருவிகள் அத்திரளைத் தேடிக் கண்டுபிடித்துவிடுகின்றன. ஆகவே கடல் காலியாகிக்கொண்டிருந்தபோதும் கப்பல்களின் வலை நிறைந்தே வந்தது. கணக்கேட்டில் மீன் பெருகியது.

கரையோரச் சிறு மீனவர்களோ வேறொன்றைக் கண்டனர். மீன் தங்கள் வலைக்கு வந்தால்தான் அவர்களுக்குப் பிழைப்பு. 1980களின் நடுவிலேயே வரத்துக் குறைகிறது, வருவதும் சிறுத்துவிட்டது என்று அவர்கள் முறையிட்டனர். ஏட்டுச் சான்றுக்கு முன் வாய்மொழிச் சான்று எடுபடாமல் போவது இலக்கியம் பயிலும் நமக்குப் பழகிய கதைதான். 1989இல் விஞ்ஞானிகளே தம் கணிப்பு மிகையென்று உணர்ந்து வரம்பை 1,25,000 டன்னாகக் குறைக்கச் சொன்னார்கள். வேலையிழப்புக்கு அஞ்சிய அரசு 2,35,000 டன்னை அனுமதித்தது. அந்த அச்சம் பொய்யல்ல. ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது.

1992 ஜூலை 2 அன்று, மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பி காட் மீன்பிடிப்பை நிறுத்துவதாக அறிவித்தார். அதற்கு முந்தைய நாள் பே புல்ஸ் என்னும் ஊரில் தம்மைச் சூழ்ந்துகொண்ட மீனவர்களிடம், கடலிலிருந்து மீனை எடுத்தது தாம் அல்ல என்று அவர் சீறியது இன்றும் நினைவுகூரப்படுகிறது. ஏறத்தாழ 30,000 பேர் ஒரே நாளில் வேலை இழந்தனர். அடுத்த பத்தாண்டுகளில் மாநில மக்கள்தொகை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்தது.

தடை இரண்டு ஆண்டுகளுக்கு என்றார்கள். 1998இல் கரையோரத்தில் சிறிதளவு திறந்து பார்த்து, 2003இல் மறுபடி மூடினார்கள். காட் முதிர்ந்து முட்டையிடப் பல ஆண்டுகள் ஆகும். அதன் முக்கிய இரையான கேப்லின் மீனும் 1990களின் தொடக்கத்தில் அருகிப்போயிருந்தது. 32 ஆண்டுகளுக்குப் பின், 2024 ஜூனில், 18,000 டன் வரம்புடன் தடை விலக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் அபாயக் கோட்டையே புதிய முறையில் கணித்திருந்தார்கள். கோடு கீழே இறங்கியதால் மீன் இருப்பு அதற்கு மேலே வந்துவிட்டது. புதிய கணிப்பு சரியானதாகவே இருக்கலாம். ஆயினும் ஒருமுறை கணக்கை நம்பிக் கடலை இழந்தவர்கள் இதை ஐயத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை. இம்முறையேனும் கணக்கேட்டை எழுதுபவர்கள், கரையில் வெறும் வலையோடு வந்து நிற்பவனின் சொல்லையும் அதில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே நம் விருப்பம்.