பணிதலும் பணி செய்தலும்

கீழ்ப்படிதல், அடக்கம், பணிவு, அடிமை, தொண்டு என்னும் சொற்கள் உலக வழக்கில் ஏறக்குறைய ஒரே பொருளனவாகக் கொள்ளப்படுகின்றன. நுணுகி நோக்குவார்க்கு அவை வெவ்வேறு நிலைகளைக் குறிப்பன என்பது புலனாகும். அவ்வேறுபாட்டை நிகண்டுகளைக் காட்டிலும் தெளிவாக உணர்த்துவது நாயன்மார்களின் வரலாறேயாம்.

கீழ்ப்படிதலாவது, பிறர் ஆணையின்கீழ் அமைந்து ஒழுகுதல். அச்சத்தினாலும் கீழ்ப்படியலாம், பயன் கருதியும் கீழ்ப்படியலாம், உள்ளம் உடன்படாதிருக்க உடல் மட்டும் படிதலும் உண்டு. அடக்கமோ, ஏவுவார் எவரும் இல்லாதவிடத்தும் மனம், மொழி, மெய்களைத் தன்வயப்படுத்தி நிற்றல். இதற்கெனத் திருவள்ளுவர் தனியே ஓர் அதிகாரம் வகுத்தமை அறியத்தக்கது. பணிவு, தன்னினும் உயர்ந்த பொருளை உணர்ந்த அறிவிலே தோன்றுவது. பணிதல் என்பது வணங்குதல். பணித்தல் என்பது ஆணையிடுதல். பணி என்பது செய்யும் தொண்டு. ஆணையும் வணக்கமும் தொண்டும் ஒரே சொல்லடியிற் பிறந்தன என்பது தமிழின் தனிச்சிறப்பன்றோ!

இச்சொற்களின் பொருளைத் தம் வாழ்வாலேயே விளக்கியவர் திருநாவுக்கரசு நாயனார். கி.பி. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சேக்கிழார் பெருமான் அவர் வரலாற்றை விரித்துரைத்துள்ளார். அவர் சமணம் விட்டுத் தமக்கையார் திலகவதியாரிடம் திருநீறு பெற்றுச் சைவம் சார்ந்தபொழுது, பல்லவ மன்னன் தன் அமைச்சரை ஏவி அவரை வருமாறு பணித்தான். அம்மன்னன் 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் என்பது வரலாற்று அறிஞர் பலர் கருத்து. நாவரசரோ, தாம் சிவபெருமானுக்கன்றி வேறெவர்க்கும் ஆட்படாதவர் என மறுத்துரைத்தார். வந்த அமைச்சர் வணங்கி வேண்டிய பின்னரே உடன் சென்றார். நீற்றறை, நஞ்சு கலந்த பாலடிசில், மதயானை, கல்லிற் பிணித்துக் கடலிலிடுதல் என அடுத்தடுத்து வந்த துன்பங்களுள் ஒன்றும் அவர் உள்ளத்தை வளைக்கவில்லை. முடிவிற் பணிந்தவன் மன்னனே. அவன் சைவனாகித் திருவதிகையிற் குணபரவீச்சரம் என்னும் கோயிலை எடுத்தான் என்பது பெரிய புராணம் கூறும் செய்தி.

வேந்தன் ஆணைக்கு வளையாத அப்பெரியவர், உழவாரப் படையை ஏந்தித் தலந்தோறும் சென்று, திருவீதிகளிலும் கோயில் முற்றங்களிலும் புல்லும் முள்ளும் களைந்தார். திருப்புகலூரில் அவ்வாறு களையும் இடத்திற் பொன்னும் மணியும் தோன்ற, அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒப்ப மதித்துப் பொய்கையில் எறிந்தார். திருப்பூந்துருத்திக்குத் திருஞானசம்பந்தர் எழுந்தருளியபொழுது, ஆண்டில் மிக மூத்த அவர் கூட்டத்தினுட் புகுந்து, ஒருவரும் அறியாமல் அவ்விளைய பிள்ளையாரின் சிவிகையைத் தோளிற் சுமந்தார். அச்சமும் ஆசையும் அவரை ஏவவில்லை. அன்பு ஒன்றே ஏவியது. அஞ்சிப் படிபவன் அஞ்சத்தக்கவன் மாறுந்தோறும் தானும் மாறுவான். அன்பினாற் பணிபவன் ஓரிடத்தே பணிந்தமையால் ஏனையோர்முன் அஞ்சாது நிற்பான்.

அடிமை என்னும் சொல்லுக்கு விளக்கமாவது சுந்தரமூர்த்தி நாயனார் வரலாறு. புத்தூரில் நிகழவிருந்த அவர் திருமணத்தைத் தடுத்து, அவரைத் தம் வழிவழி அடிமை என்று சொல்லி ஓலை காட்டினார் முதிய அந்தணர் ஒருவர். நம்பியாரூரர் கேட்டவுடன் உடன்பட்டாரல்லர், வாதாடினார், ஓலையைப் பறித்துக் கிழித்தார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது. அங்கே மூல ஓலை காட்டப்பட்டுப் பாட்டனாரின் கையெழுத்து ஒப்புநோக்கப்பட்ட பின்பே அவர் தீர்ப்பை ஏற்றார். வந்தவர் இறைவனே என உணர்ந்தபொழுது அந்த ஏற்பு அன்பாகக் கனிந்தது. வன்மை பேசிய அவருக்கு 'வன்றொண்டர்' என்னும் பெயரை இறைவனே உவந்து அளித்தான். ஆராய்ந்து கேட்டல் பணிவுக்குப் பகையன்று என்பது இதனால் விளங்கும்.

ஆணையிடும் அரசரும் இவ்வுண்மையை உணர்ந்திருந்தனர். 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராச சோழன் தஞ்சைப் பெருங்கோயிலை 1010ஆம் ஆண்டளவில் நிறைவித்தான். தான் கொடுத்தனவற்றோடு தமக்கையார் குந்தவையாரும் தேவியரும் ஏனையோரும் கொடுத்தனவற்றையும் கல்லில் வெட்டுமாறு பணித்தான். பல நாடுகள் தன் ஆணைக்கு அடங்க வாழ்ந்த அவன் பூண்ட பெயர்களுள் ஒன்று 'சிவபாதசேகரன்' என்பது. சிவன் திருவடியை முடியாகச் சூடியவன் என்பது அதன் பொருள்.

பழைய அறக்கொடைக் கல்வெட்டுகள் பலவற்றின் இறுதியிலே, இவ்வறத்தைக் காப்பவர் திருவடி என் தலைமேல் ஆகுக என்னும் கருத்தமைந்த தொடர் காணப்படும். கொடுத்தவன் அரசனாயினும் வணிகனாயினும், தனக்குப்பின் கோயிலைக் காக்கப்போகும் பெயரறியாத ஒருவனுக்கு முன்கூட்டியே தலை வணங்குகின்றான். கொடை தன்னோடு முடியக்கூடாது என்னும் கவலையே அவனை அவ்வாறு பணியச் செய்தது.

அக்கவலை இன்றும் உரியதே. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருக்குட நன்னீராட்டு நிகழ்த்துதல் மரபு. அதன் இடையே பறவை இட்ட வித்தினின்றும் ஆலும் அரசும் விமானத்திலும் கோபுரத்திலும் முளைக்கின்றன. வேர் உள்ளே இறங்கிக் கல்லைப் பிளக்கின்றது. இளஞ்செடியாக இருக்கும்பொழுதே அதைக் களைய ஒரு கை வேண்டும். திருப்பணிக்குப் பொருள் ஈந்தோர் பெயர் கல்லில் நிற்கும். நாள்தோறும் புல் செதுக்கி அலகிடுவோர் பெயர் எங்கும் பொறிக்கப்படுவதில்லை. அவர் திருவடியைத் தம் தலைமேற் கொண்டனர் முன்னைய கொடையாளர். அப்பணிவோடு பொருளும் தந்து, ஒரு நாளேனும் உழவாரமும் ஏந்துதல் அன்பர் அனைவர்க்கும் உரிய கடனாகும்.

திருச்சிற்றம்பலம்.