பத்து அயர்ன்மேன், ஒரே வளையம்: 'டெக்கா' டிரையத்லானில் என்ன நடக்கிறது?

நீச்சல் 38 கிலோமீட்டர். சைக்கிள் 1,800 கிலோமீட்டர். அப்புறம் ஓட்டம், 422 கிலோமீட்டர். இதுதான் 'டெக்கா' எனப்படும் பத்து மடங்கு டிரையத்லான்.

சிம்பாங் ரெங்கத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால், தூரத்தை இப்படி அளந்து பாருங்கள். சைக்கிள் பகுதிக்கு மட்டும் கோலாலம்பூருக்கு மூன்று தடவை போய்த் திரும்பி, நாலாவது தடவையும் தலைநகரை நெருங்க வேண்டும். ஓட்டத்துக்கு ஜொகூர் பாருவுக்கு இரண்டு தடவை ஓடிப்போய் ஓடிவந்து, மறுபடியும் ஒருமுறை அங்கே ஓட வேண்டும்.

ஆனால் போட்டியாளர்கள் எந்த ஊருக்கும் போவதில்லை. ஒரே நீச்சல் குளம், ஒரே சிறு சாலை, ஒரே நடைபாதை. சுற்று, சுற்று, சுற்று. மொத்தமும் அவ்வளவுதான்.

யார் ஆரம்பித்து வைத்தது?

1978 பிப்ரவரியில் ஹவாயின் ஓவாஹு தீவில் ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி, அங்கே ஏற்கெனவே இருந்த மூன்று பந்தயங்களை ஒன்றாக இணைத்தார். 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தார்கள். அந்த 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம்தான் இன்றைய அயர்ன்மேன். நம் லங்காவியில் 2000ஆம் ஆண்டில் தொடங்கி, நடுவில் சில ஆண்டுகள் நின்று, பிறகு திரும்பி வந்த போட்டியும் இதே தூரம்தான். அதை 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

ஒன்று போதாது என்று நினைப்பவர்கள் எங்கும் இருப்பார்கள் இல்லையா? 1985இல் அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில் நகரில் இரட்டை அயர்ன்மேன் நடந்தது. 1992இல் மெக்சிகோவின் மான்டெரே நகரில் பத்து மடங்கு வந்துவிட்டது. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் நாளுக்கு ஓர் அயர்ன்மேன் என்று பத்து நாள். மற்றதில் முதலில் முழு நீச்சல், பிறகு முழு சைக்கிள், கடைசியில் முழு ஓட்டம். இதில் கடிகாரம் நிற்கவே நிற்காது. நீங்கள் தூங்கினாலும் ஓடிக்கொண்டே இருக்கும். மிக வேகமானவர்களுக்கே ஏறக்குறைய எட்டு நாள் ஆகிறது.

சரி, ஏன் சுற்றிச் சுற்றி?

ஜெர்மனியின் லென்சான் என்ற சிற்றூரை எடுத்துக்கொள்வோம். 1992 முதல் அங்கே மூன்று மடங்கு டிரையத்லான் நடக்கிறது. 50 மீட்டர் குளத்தில் 228 முறை இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்த வேண்டும். பிறகு சுமார் 8 கிலோமீட்டர் சாலையில் 67 சுற்று. அதன்பின் 1.3 கிலோமீட்டரை ஒட்டிய பாதையில் 96 சுற்று ஓட்டம். எல்லாம் 58 மணி நேரத்துக்குள்.

இப்படிச் செய்யாமல் 540 கிலோமீட்டர் திறந்த சாலையில் விட்டால் என்ன ஆகும்? இரண்டாம் நாள் அதிகாலை மூன்று மணிக்கு, தூக்கமில்லாத ஒருவர் லாரிகளுக்கு நடுவே சைக்கிளில் இருப்பார். ஜொகூர்வாசிகளுக்கு இதன் விபரீதத்தை விளக்க வேண்டியதில்லை. 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில், அதே அதிகாலை நேரத்தில், சைக்கிளில் இருந்த எட்டுப் பதின்ம வயதினரைக் கார் மோதிக் கொன்றது. வளையம் என்பது கௌரவக் குறைச்சல் இல்லை. ஒரு மருத்துவர், ஒரு கூடாரம், சில விளக்குகளை வைத்துக்கொண்டு எல்லோரையும் கண்காணிக்க இருக்கும் ஒரே வழி அதுதான்.

தமிழர்களுக்கு இது புதிதும் அல்ல

டிரையத்லான் என்ற சொல்லே பரவாத காலத்தில், வல்வெட்டித்துறையில் பிறந்த ஆழிக்குமரன் ஆனந்தன், 1979 மே மாதம் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சைக்கிளில் சுற்ற ஆரம்பித்தார். அவர் நிறுத்தியபோது 187 மணி 28 நிமிடம் ஆகியிருந்தது. கிட்டத்தட்ட எட்டு நாள்! 1971இல் பாக்கு நீரிணையை அங்கிருந்து இங்கும், இங்கிருந்து அங்குமாக நீந்திக் கடந்தவரும் அவர்தான். சென்னை மெரினாவின் அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணி நேரம் தண்ணீரில் மிதந்து நின்றார். 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிரிழந்தார். இந்தக் கடைசி வரியையும் சேர்த்துத்தான் அவரைச் சொல்ல வேண்டும். தாக்குப்பிடிக்கும் சக்திக்கு ஓர் எல்லை இருக்கிறது, அது எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது.

நாற்காலிதான் வில்லன்

நீண்ட சாலையில் பாதி வழியில் நின்றால் வீடு போய்ச் சேரவாவது நீங்கள் ஓட வேண்டும். வளையத்தில் அப்படியில்லை. ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் கூடாரம் வரும். நாற்காலி, போர்வை, சூடான மைலோ, "கொஞ்சம் உட்காருப்பா" என்று சொல்லும் அண்ணன். ஓட்டத்தில் ஒரு சுற்று 1.3 கிலோமீட்டர் என்றால், 422 கிலோமீட்டருக்குள் 320 தடவைக்கும் மேல் அந்த நாற்காலியைத் தாண்டிப் போக வேண்டும். கால் வலியைவிட இதுதான் பலரை வீழ்த்துகிறது என்று நினைக்கிறேன்.

அதனால் உதவிக் குழுவின் வேலை அன்பு காட்டுவது மட்டுமல்ல. எப்போது சாப்பிட்டார், எப்போது சிறுநீர் கழித்தார், எத்தனை நிமிடம் தூங்கினார் என்று எழுதி வைப்பார்கள். இருபது நிமிடத்தில் எழுப்பிவிடுவார்கள். வீரர் உளற ஆரம்பித்தால், மரத்தை ஆள் என்று சொன்னால், படுக்க வைப்பதும் அவர்கள் பொறுப்பே. அந்த நேரத்தில் முடிவெடுக்கும் திறன் வீரரிடம் இருக்காது.

உடம்புக்கு என்ன ஆகும்?

பாதம் வீங்கும். பெரிய அளவுச் சப்பாத்து இன்னொரு ஜோடி வைத்திருப்பார்கள். சைக்கிள் இருக்கை உரசிப் புண்ணாகும். குளத்து நீரில் நீண்ட நேரம் கிடந்தால் கழுத்தும் அக்குளும் தோல் உரியும். இவை தாங்கக்கூடியவை.

ஆபத்தானது வேறு: தண்ணீர். குறைவாகக் குடித்தால் மயக்கம் என்று எல்லோருக்கும் தெரியும். அதிகமாகக் குடித்தாலும் இரத்தத்தில் சோடியம் குறைந்து மூளை வீங்கலாம், உயிரே போகலாம். 2002 பாஸ்டன் மராத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, சுமார் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அது வெறும் மராத்தான், அதுவும் குளிர்ந்த ஊர். நம் ஊர் ஈரக்காற்றில் வியர்வை காயாது, உடல் சூடு இறங்காது, தாகமோ விடாது. ஓட்டத்தின்போது எடை கூடுவது நல்ல அறிகுறி அல்ல. வெறும் தண்ணீரை மொடக்மொடக்கென்று குடிப்பதற்குப் பதிலாக உப்புப் போட்ட கஞ்சி, சூப் என்று மாற்றி மாற்றிக் கொடுப்பது இதனால்தான்.

உங்களுக்கு ஆசை வந்துவிட்டதா?

நேராக டெக்காவுக்குப் போக முடியாது. 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம் கொண்ட ஸ்பிரிண்ட் போட்டியில் தொடங்குங்கள். அடுத்து ஒலிம்பிக் தூரம், பிறகு பாதி, பிறகு முழு அயர்ன்மேன். ஒவ்வொரு படிக்கும் ஓராண்டு எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை. குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் இருந்தால், முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

சைக்கிள் பயிற்சிக்கு வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை பக்கமே போக வேண்டாம், அங்கே சைக்கிளுக்கு அனுமதி இல்லை. பழைய கூட்டரசுச் சாலையிலும் லாரிகள் அதிகம். வண்டி நடமாட்டம் குறைந்த தாமான் வளையமோ, அனுமதி வாங்கிய செம்பனைத் தோட்டப் பாதையோ மேல். மாலை இடி மின்னல் தொடங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான், வீட்டுக்குத் திரும்புங்கள்.

வளையப் பழக்கத்துக்கு ஒரு சின்னச் சோதனை: வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் பாதையைக் குறித்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒரு நாற்காலி போடுங்கள். பன்னிரண்டு சுற்று, மெதுவாக, நடந்தாலும் பரவாயில்லை. எத்தனையாவது சுற்றில் அந்த நாற்காலி முதல்முறையாக உங்களைக் கூப்பிடுகிறது என்று எழுதி வையுங்கள்.