ஒட்டடுக்கு மரத்தின் மூட்டுகள்

ஒட்டடுக்கு மரம் என்பது, மரப் பலகைகளை மரநார் ஒரே திசையில் அமையுமாறு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பசையால் ஒட்டிச் செய்யப்படும் கட்டுமானப் பொருள் ஆகும். ஜெர்மனியின் வைமார் நகரைச் சேர்ந்த ஓட்டோ ஹெட்சர், வளைந்த ஒட்டடுக்கு உத்தரங்களுக்கு 1906 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இவ்வகை உத்தரத்தின் வலிமை மரத்தை மட்டுமன்றி மூட்டுகளையும் சார்ந்துள்ளது. ஒட்டிய மூட்டின் குறை பெரும்பாலும் வெளியில் தெரியாது. எனவே செய்முறையும் சோதனைகளும் சீர்தரங்களால் வரையறுக்கப்படுகின்றன. ஐரோப்பாவில் ஈஎன் 14080 என்னும் சீர்தரம் பின்பற்றப்படுகிறது.

விரல் மூட்டு

நீண்ட உத்தரங்களுக்கு ஏற்ற நீளத்தில் பலகைகள் கிடைப்பதில்லை. ஆகவே பலகைகளின் முனைகள் கூரிய பற்களாக வெட்டப்பட்டு, பசை பூசி, கோத்த விரல்களைப் போல் அழுத்தி இணைக்கப்படுகின்றன. நாருக்குக் குறுக்கே வெட்டிய முனையைப் பசை நன்கு பற்றாது. சாய்வான பற்கள் ஒட்டும் பரப்பைப் பெருக்குவதோடு, நாரின் பக்கவாட்டில் ஒட்டவும் வழிசெய்கின்றன. கணுவைச் சுற்றி மரநார் வளைந்து செல்வதால், அதற்கு மிக அருகில் பற்கள் வெட்டப்படுவதில்லை. பலகைகளின் ஈரப்பதம் பொதுவாக 6 முதல் 15 விழுக்காட்டுக்குள் இருத்தல் வேண்டும்.

சோதனைகள்

* வளைவுச் சோதனை: மாதிரி மூட்டுகள் முறியும் வரை வளைக்கப்படுகின்றன. ஜிஎல்24எச் வகை உத்தரத்தின் வளைவு வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 24 நியூட்டன் ஆகும். அதன் விரல் மூட்டுகளுக்கு இதைவிடக் கூடிய வலிமை தேவை. உத்தரம் வளையும்போது அடிப்பலகை ஏறக்குறைய முழுவதும் இழுவிசைக்கு உள்ளாவதே இதற்குக் காரணம்.
* பிரிவுச் சோதனை: மாதிரித் துண்டு வெற்றிடத்திலும் அழுத்தத்திலும் நீரில் ஊறவைக்கப்பட்டு, பின்னர் உலர்த்தப்படுகிறது. ஒரு முறையின்படி, இரு சுற்றுகளுக்குப் பின் பசைக்கோடுகளின் மொத்த நீளத்தில் 5 விழுக்காட்டுக்கு மேல் பிரிந்திருக்கக் கூடாது.
* சறுக்குச் சோதனை: ஒட்டிய இரு பலகைகள் எதிரெதிர்த் திசையில் தள்ளப்படுகின்றன. சராசரி வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 6 நியூட்டன் எனில், முறிந்த பரப்பில் 90 விழுக்காடு மரத்திலேயே கிழிந்திருக்க வேண்டும். பசை மரத்தைவிட வலியது என்பதற்கு இதுவே சான்று.

பாட் ரைசன்ஹால் விபத்து

2006 சனவரி 2 அன்று ஜெர்மனியின் பாட் ரைசன்ஹால் நகரில், பனிச்சறுக்கு அரங்கின் கூரை இடிந்து 15 பேர் உயிரிழந்தனர். 1970களில் கட்டப்பட்ட இவ்வரங்கின் கூரையை மரப் பெட்டி உத்தரங்கள் தாங்கியிருந்தன. அவை அனுமதிக்கப்பட்ட உயரத்தைவிட மிக உயரமாகச் செய்யப்பட்டிருந்ததும், வலிமைக் கணக்கீட்டில் பிழைகள் இருந்ததும் ஆய்வில் தெரியவந்தன. அத்துடன், ஈரத்தில் வலுவிழக்கும் யூரியா-பார்மால்டிகைடு பசை பயன்படுத்தப்பட்டிருந்தது. அரங்கின் ஈரக்காற்றில் மூட்டுகள் பல ஆண்டுகளாக வலுவிழந்து வந்தன. செய்யப்பட்ட நாளில் உறுதியாக இருக்கும் மூட்டும் காலப்போக்கில் வலுவிழக்கக்கூடும் என்பதால், பசையின் ஈரந்தாங்கும் திறனும் மூட்டின் தரத்தில் அடங்கும்.