திறந்த வாயிலும் உழைப்பின் உரிமையும்: திரியெஸ்தே நகரின் உளநல வரலாறு பற்றிய ஒரு நோக்கு

உளநோயாளரைச் சமூகம் எவ்வாறு நடத்தி வந்துள்ளது என்னும் வினாவுக்கு மருத்துவ வரலாறு மாத்திரம் விடை தந்துவிட முடியாது. உழைக்கத் தகுந்தவர் யார், தகாதவர் யார், தகாதவரென ஒதுக்கப்பட்டோரைப் பராமரிக்கும் செலவை ஏற்பவர் யார் என்பன போன்ற பொருளியல் வினாக்களோடு அது பின்னிப் பிணைந்துள்ளது. இத்தாலியின் வடகிழக்கு எல்லையிலுள்ள துறைமுக நகரான திரியெஸ்தேயின் அனுபவம் இவ்வகையில் எமது கவனத்துக்குரியதாகின்றது. 1980ஆம் ஆண்டு தனது உளநோய் வைத்தியசாலையை மூடிய இந்நகரின் கதை, பெரும்பாலும் மனிதாபிமானம் மிக்க வைத்தியர் ஒருவரின் கதையாகவே சொல்லப்பட்டு வருகின்றது. அது பொய்யன்று, ஆயினும் முழுமையானதாகாது. வைத்தியசாலையின் வாயில் திறக்கப்பட்டமையைக் காட்டிலும், அதனுள்ளே கூலியின்றி உழைத்தவர்கள் தொழிலாளராக ஏற்றுக்கொள்ளப்பட்டமையே அவ்வரலாற்றின் திருப்புமுனை என்பது எமது கருத்தாகும்.

முதலில் நகரின் வர்க்கப் பின்னணியை நோக்குவோம். முதலாம் உலகப் போரின் முடிவு வரை திரியெஸ்தே ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் தலையாய வணிகத் துறைமுகமாக விளங்கியது. வணிகமும் காப்புறுதியும் வளர்த்துவிட்ட செல்வந்த மத்தியதர வர்க்கம் அங்கு உருவாகியிருந்தது. அவ்வர்க்கத்தின் உளச்சிக்கல்களை இலக்கியமாக்கியவர் இத்தாலோ ஸ்வேவோ. 1923இல் வெளிவந்த 'ஸேனோவின் மனச்சாட்சி' என்னும் அவரது நாவலின் நாயகன், புகைத்தலை விட்டொழிக்க இயலாது தவிக்கும் வசதி படைத்த மனிதன். தன் வாழ்க்கைக் கதையை உளப்பகுப்பு மருத்துவர் ஒருவருக்காக எழுதுபவன். இப்பழக்கத்தைக் கைவிடவென ஒரு தனியார் மருத்துவமனையில் அடைபடும் அவன், தாதிக்கு மதுவூட்டி அன்றிரவே வெளியேறி விடுகின்றான். நாவலில் இது நகைச்சுவைக் காட்சி. ஆயின் அதே நகரின் சான் ஜொவானி குன்றுச்சரிவில் 1908இல் திறக்கப்பட்ட பொது உளநோய் வைத்தியசாலைக்குள் புகுந்த ஏழைக்கு அத்தகைய இரவு வாய்க்கவில்லை. தளர்ச்சி ஒன்றேயாயினும், பணமுள்ளவனுக்கு அது சிகிச்சைக்குரிய அனுபவமாகவும் இல்லாதவனுக்கு ஆயுட் சிறையாகவும் அமைந்தது.

இச்சிறைக்குச் சட்ட வடிவம் தந்தது 1904ஆம் ஆண்டின் இத்தாலியச் சட்டம். தமக்கோ பிறருக்கோ ஆபத்தானவர்கள், பொது ஒழுக்கத்துக்கு இழுக்கானவர்கள் ஆகியோரை அடைத்து வைக்க அது ஏற்பாடு செய்தது. நோய் நீக்கத்திலும் பார்க்கப் பொது அமைதியே அதன் முதன்மை அக்கறை. அடைக்கப்பட்டவரது பெயர் குற்றப் பதிவேட்டில் இடம்பெற்றது, குடியுரிமைகள் பறிபோயின.

பிராங்கோ பசாலியா (1924-1980) இவ்வமைப்பைச் சிறையாகக் கண்டமைக்கு அவரது வாழ்வே காரணமாயிற்று. மாணவராயிருந்த காலத்தில், 1944இல், பாசிச எதிர்ப்புக்காகச் சிறை சென்றவர் அவர். 1961இல் கொரித்சியா நகர உளநோய் வைத்தியசாலையின் பணிப்பாளராகப் பொறுப்பேற்றபோது, கட்டிவைக்கப்பட்ட நோயாளர் பட்டியலில் கையொப்பமிட மறுத்தார். அங்கு பெற்ற அனுபவத்தின் பேறாக 1968இல் 'மறுக்கப்பட்ட நிறுவனம்' என்னும் கூட்டு நூல் வெளிவந்தது. இவ்விடத்தில் பிராங்கா ஒங்காரோவின் பங்களிப்பும் குறிப்பிடப்படல் வேண்டும். பசாலியாவின் மனைவி என்ற அளவிலேயே நினைவுகூரப்படும் இவர், புகலிடங்கள் பற்றிய கொஃப்மனின் ஆய்வை இத்தாலியில் மொழிபெயர்த்தவர். பல நூல்களின் இணையாசிரியர். பின்னர் செனற் சபையில் சுயேச்சை இடதுசாரி உறுப்பினராக அமர்ந்து சீர்திருத்தத்துக்காக வாதாடியவர்.

1971இல் பசாலியா திரியெஸ்தேக்கு வந்தபோது சான் ஜொவானியில் ஏறத்தாழ 1,200 பேர் இருந்தனர். அவரை அழைத்தவர் மாகாணத் தலைவரான மிக்கேலே சனெத்தி. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர். இடதுசாரிச் சிந்தனையின் வழிவந்த ஒரு செயற்பாடு அக்கட்சியின் நிருவாகத்தின் கீழ் நடந்தேறியமை வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

அவ்வைத்தியசாலையின் அன்றாட இயக்கத்தில் ஒரு பகுதி நோயாளரின் உழைப்பிலேயே தங்கியிருந்தது. கூட்டுதல், துடைத்தல், சமையலறை வேலை என்பவற்றை அவர்கள் செய்தனர். அது 'தொழில்வழிச் சிகிச்சை' எனப் பெயர் பெற்றமையால் கூலி வழங்க வேண்டியிருக்கவில்லை; சிகரெட்டும் சில்லறையுமே கைம்மாறாயின. உழைக்கத் தகாதவர் என்று கூறி ஒருவரை அடைத்து வைத்து, அடைத்த இடத்திலேயே அவரது உழைப்பை இலவசமாகப் பெறும் இவ்வேற்பாடு, புகலிடத்தின் தர்க்கத்தை அம்பலப்படுத்துகின்றது. 1972-73 காலப்பகுதியில் நோயாளர் சுமார் 60 பேர் ஒன்றிணைந்து தொழிலாளர் கூட்டுறவுச் சங்கமொன்றை அமைத்தனர். முன்பு சிகிச்சை என்ற பெயரில் செய்த அதே வேலையை இப்போது ஒப்பந்தத்தின் கீழ், தொழிற்சங்கம் பெற்றுத்தந்த ஊதிய வீதத்தில் செய்தனர். துடைப்பம் மாறவில்லை, அதைப் பிடித்திருந்தவரின் சமூக நிலை மாறியது.

கூலியுழைப்பை விடுதலை என்று கூறுவது மார்க்சிய நோக்கில் விந்தையாகத் தோன்றலாம். சுரண்டலுக்குள்ளாகும் தொழிலாளிக்குரிய உரிமைகள்கூட மறுக்கப்பட்டிருந்த இடத்தில், அவ்வுரிமைகளைப் பெறுதல் முதற்படியாகின்றது. சம்பளமும் சங்கமும் பெற்றவனைத் தன் வாழ்வைத் தீர்மானிக்க இயலாதவன் என்று கூறுதல் கடினம்.

1973 பெப்ரவரியில் நிகழ்ந்த ஊர்வலத்தை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளலாம். கவிஞரும் நாடகாசிரியருமான ஜுலியானோ ஸ்காபியா, சிற்பி வித்தோரியோ பசாலியா ஆகியோருடன் நோயாளரும் ஊழியரும் இணைந்து, வெறுமையாகியிருந்த பிரிவொன்றில் பிரமாண்டமான நீலக் குதிரையொன்றைச் செய்தனர். 'மார்க்கோ கவாலோ' என்பது அதன் பெயர். அது வைத்தியசாலையின் சலவை வண்டியை ஆண்டாண்டாக இழுத்த மெய்யான குதிரையின் பெயராகும். மூப்படைந்த அவ்விலங்கு இறைச்சிக்கு விற்கப்படாது காக்கப்பட வேண்டுமென நோயாளர் ஏலவே கோரியிருந்தனர். உழைத்து ஓய்ந்த உயிரை அப்புறப்படுத்தலாகாது என்ற அவர்களது வேண்டுகோள் குதிரையை மாத்திரம் பற்றியதன்று. கலைக்குதிரை வாயிலை விட உயரமாயிருந்தது. வாயிலை உடைத்தே அதனை நகருக்குள் கொண்டு சென்றனர்.

1975 முதல் நகரின் பகுதிகளில் உளநல நிலையங்கள் ஒவ்வொன்றாக நிறுவப்பட்டன. சில படுக்கைகளுடன் இரவும் பகலும் திறந்திருக்கும் இந்நிலையங்களே காலப்போக்கில் வைத்தியசாலையின் இடத்தைப் பிடித்தன. வீடில்லாமையால் வெளியேற முடியாதோர், 'விருந்தினர்' என்னும் நிலையில், பூட்டில்லாக் கதவுகளின் பின்னே தங்கினர்.

1978 மே 13இல் இத்தாலியப் பாராளுமன்றம் 180ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. அது புதிய உளநோய் வைத்தியசாலைகளைக் கட்டுவதைத் தடைசெய்தது. கட்டாயச் சிகிச்சைக்கு இரு வைத்தியர்களின் கருத்தும் நகர முதல்வரின் கட்டளையும் நீதிபதியின் மேற்பார்வையும் தேவையாயின. பொது வைத்தியசாலைப் பிரிவொன்றின் படுக்கைகள் 15க்கு மட்டுப்பட்டன. 1904ஆம் ஆண்டுச் சட்டம் பற்றிய பொதுசன வாக்கெடுப்பைத் தவிர்க்கும் அவசரமும் இச்சட்டத்தின் பிறப்புக்குக் காரணமாயிருந்தது. மக்களியக்கத்தின் வெற்றியாகவும் ஆளும் தரப்பின் சமரசமாகவும் அது ஒருங்கே அமைந்தது.

அச்சமரசத்தின் விலை விரைவிலேயே புலனாயிற்று. வைத்தியசாலைகளை மூடக் கட்டளையிட்ட சட்டம், மாற்று நிலையங்களுக்குப் போதிய நிதியை உறுதிசெய்யவில்லை. நிலையங்கள் அமையாத பிரதேசங்களில் பராமரிப்பின் சுமை குடும்பங்கள் மீது, அதாவது பெரும்பாலும் தாய்மார், மனைவியர் மீது இறங்கியது. கூலியற்ற உழைப்பு வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு இடம்பெயர்ந்தது எனலாம். பழைய வைத்தியசாலைகள் எஞ்சியவையும் மூடப்பட 1990களின் இறுதியாயிற்று. நீதித்துறை சார்ந்த புகலிடங்களை மூடும் முடிவு 2015இலேயே நடைமுறைக்கு வந்தது.

போதைக்கு அடிமையானோர் விடயத்திலும் இதே படிப்பினையைக் காண்கிறோம். 1991இன் 381ஆம் இலக்கச் சட்டம் சமூகக் கூட்டுறவுச் சங்கங்களை அங்கீகரித்தது. தொழில்வழி ஒருங்கிணைப்புக்கான சங்கங்களின் உழைப்பாளருள் குறைந்தது 30 வீதத்தினர் பின்தங்கிய நிலையினராக இருத்தல் வேண்டும் என விதித்த அது, உளநோயாளருடன் போதைப்பொருளுக்கும் மதுவுக்கும் அடிமையானோரையும் அவ்வகைக்குள் சேர்த்தது. சான் ஜொவானியின் துப்புரவுத் தொழிலாளர் தொடங்கியது நாடு தழுவிய சட்டமாயிற்று. ஸேனோவுக்கு மருத்துவர் கேட்டது அவனது கதையை. கதை சொல்ல ஓய்வும் வருமானமும் அவனிடம் இருந்தன. அவை இல்லாதவனுக்கு, பழக்கத்தை விடுமாறு கூறுமுன், விட்ட பின் செல்வதற்கோர் இடமும் செய்வதற்கொரு தொழிலும் வேண்டும்.

1987இல் உலக சுகாதார நிறுவனம் திரியெஸ்தேயைத் தனது ஒத்துழைப்பு மையமாக ஏற்றது. ஆயின் புகழ் பாதுகாப்பாகாது. பொதுச் செலவினம் சுருங்கும்போது முதலில் வெட்டப்படுபவை இரவில் எரியும் விளக்குகளே. பூட்டிய கதவை உடைக்க ஒரு நாள் போதும். திறந்த கதவைத் திறந்தே வைத்திருக்க வீடும் ஊதியமும் ஊழியரும் நாள்தோறும் வேண்டும். அவற்றை ஈட்டித்தரும் போராட்டம் வைத்தியரிடம் மாத்திரம் விடப்படக்கூடியதன்று என்பதே திரியெஸ்தே எமக்குணர்த்தும் பாடமாகும்.