டார்லிங்: விலையிலிருந்து பிறந்த செல்லப்பெயர்

1982இல் இயக்குநர் பாக்யராஜ் 'டார்லிங்' என்ற சொல்லை மூன்று முறை அடுக்கித் தன் படத்துக்குப் பெயராக வைத்தார். காதலியைக் கொஞ்சும் சொல்லாகவே 'டார்லிங்' நம்மிடம் வந்து சேர்ந்தது. ஆங்கிலத்தில் அதற்கு ஆயிரம் வயதுக்கு மேல் ஆகிறது. அது காதலர் பேச்சில் பிறந்ததும் அல்ல.

பழைய ஆங்கில வடிவம் 'டேயோர்லிங்'. முன்பாதிதான் இன்றைய 'டியர்'. அன்புக்குரியது, விலை கூடியது என்ற இரண்டு பொருளும் அதற்கு அன்றே உண்டு. பிரிட்டனில் இன்றும் யானை விலை சொல்லும் கடையை 'டியர்' என்பார்கள். பஞ்சத்தையும் தட்டுப்பாட்டையும் குறிக்கும் 'டெர்த்' இதே வேரில் கிளைத்தது. கிடைப்பது குறைந்தால் விலை ஏறும். எளிதில் கிடைக்காததை மனம் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்ளும். அரிது என்பதிலிருந்து 'அருமை மகள்' என்று நாம் வந்து சேர்ந்த வழியும் இதுதான்.

பின்பாதியான 'லிங்' சிறுமையைக் காட்டும் விகுதி என்று பலர் எழுதுகிறார்கள். வாத்துக்குஞ்சுக்கு 'டக்லிங்' என்பதை வைத்து அப்படித் தோன்றுகிறது. ஆனால் பழைய ஆங்கிலத்தில் அதன் முதன்மைப் பொருள் 'அத்தன்மை உடையவர்' என்பதே. குட்டி என்ற பொருள் பின்னால் வலுப்பெற்றது. ஆகவே டேயோர்லிங் என்றால் அருமையானவர். ஆண், பெண் பேதம் அதில் இல்லை. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏல்ஃப்ரிக் என்ற துறவி, இயேசுவின் அன்புச் சீடரான யோவானை இச்சொல்லால்தான் குறித்தார். 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில், 22ஆம் சங்கீதத்தில் வரும் 'டார்லிங்' ஒருவரின் ஒரே உயிரைக் குறிக்கிறது. எபிரேய மூலத்தில் 'ஒன்றே ஒன்று' என்ற சொல். தமிழ் வேதாகமம் அங்கே 'அருமையானது' என்கிறது. மிகப் பொருத்தமான தேர்வு!

டேயோர்லிங் தேய்ந்து வந்த 'டெர்லிங்' எப்படி 'டார்லிங்' ஆனது? இடைக்கால ஆங்கிலத்தில் 'எர்' ஒலி பல சொற்களில் 'ஆர்' ஆகத் திரிந்தது. 'கிளெர்க்' என்று எழுதிவிட்டு 'கிளார்க்' என்று படிப்பதும் அதனால்தான். டார்லிங்கில் எழுத்தும் சேர்ந்து மாறிவிட்டது.

செல்லப்பெயர் நிலைத்துக் குடும்பப்பெயரும் ஆயிற்று. அப்பெயரோடு பிறந்தவர்களில் கிரேஸ் டார்லிங்கை மறக்க முடியாது. இங்கிலாந்தின் வடகிழக்கில், ஃபார்ன் தீவுகளின் லாங்ஸ்டோன் கலங்கரை விளக்கக் காவலரின் மகள். 1838 செப்டம்பர் 7 விடியலில், பாறையில் மோதி உடைந்த 'ஃபோர்ஃபார்ஷயர்' நீராவிக் கப்பலை ஜன்னல் வழியே கண்டார். கொந்தளித்த கடலில் தந்தையும் மகளும் துடுப்புப் படகில் போனார்கள். அந்தப் பாறையிலிருந்து மீட்கப்பட்டவர்கள் 9 பேர். அப்போது கிரேஸுக்கு 22 வயது. 26 வயதில் காசநோயால் இறந்தார்.

ரால்ஃப் டார்லிங்கின் கதை வேறு. 1825 முதல் 1831 வரை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸுக்கு ஆளுநர். ராணுவத்திலிருந்து விடுபடுவதற்காகவே துணி திருடிய இரண்டு சிப்பாய்களுக்கு 1826இல் கழுத்தில் இரும்பு வளையமும் காலில் விலங்கும் பூட்டச் செய்தார். அவர்களில் ஏற்கெனவே நோயுற்றிருந்த சட்ஸ் என்பவர் சில நாட்களில் இறந்தார். அப்படிப்பட்டவர் பெயர் சிட்னியின் டார்லிங் துறைமுகத்திலும், சார்ல்ஸ் ஸ்டர்ட் 1829இல் கண்டு பெயரிட்ட டார்லிங் ஆற்றிலும் ஒட்டிக்கொண்டது. அன்பின் சொல்லாகக் காதில் விழுந்தாலும், வரைபடத்தில் அது ஆட்சியாளரின் முத்திரை மட்டுமே.

அந்த ஆற்றுக்குப் பெயர் இல்லாமல் இருந்ததில்லை. கரையில் வாழும் பார்கிண்ட்ஜி மக்களுக்கு அது 'பாகா'. அவர்களின் இனப்பெயரே அந்த ஆற்றிலிருந்து வந்தது. அந்த ஆற்றுக்கு உரிய பெயர் பாகாதான்.